கரையான் திங்காத காகிதம்



இந்த முறை தலையங்கத்தை ஒரு சிரிப்புப் படத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம். விசயம் சிரிப்பில்லை.

தூத்துக்குடியில் ஒரு மாணவர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து அன்று ராத்திரி பையன்களோடு அவர்கள் விடுதியிலேயே தங்கல். சாப்பாட்டுக்குப் பிறகு செல்போனைத் தண்ணிக் குடத்தின்மேல் சாய்த்து வைத்துவிட்டு எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து 'காசேதான் கடவுளடா' பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2023இல் மறுபடி எடுத்தார்களே, அது இல்லை. 1972இல் சித்ராலயா கோபு இயக்கி ஏவி.எம். வெளியிட்ட பழைய படம். முதலில் நாடகமாக நடந்து பிறகு சினிமா ஆனது. பணக்கார வீடு, சாவியை இடுப்பில் வைத்திருக்கிற சின்னம்மா மனோரமா, தன் வீட்டுப் பணத்தைத் தானே கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிற பிள்ளைகள், அதற்குக் கூட்டாளியாகச் சாமியார் வேசம் கட்டி உள்ளே நுழைகிற டீக்கடைக்காரர் தேங்காய் சீனிவாசன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். தேங்காய் சீனிவாசனைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க நான் ஒன்றும் அவ்வளவு பெரிய கோட்பாட்டாளன் இல்லை.

படம் முடிந்து விளக்கணைத்த பிறகு இருட்டுக்குள்ளிருந்து ஒரு பையன் கேட்டான்: "அண்ணே, நம்ம வீட்ட நம்மளே கொள்ளையடிக்கணும்னா என்னத்தண்ணே எடுக்க?"

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

தமிழ் சினிமாவில் புதையல் தேடுவது பழைய தொழில். 1957இல் கலைஞர் கருணாநிதி எழுதி சிவாஜி நடித்த படத்துக்கே 'புதையல்' என்றுதான் பேர். 2017இல் வந்த 'மரகத நாணயம்' ஒரு ராசாவின் பச்சைக்கல்லைத் தேடி ஓடுகிற படம்; அதில் செத்தவர்களின் உடம்புக்குள் ஆவிகளை இறக்கி வேலை வாங்குகிறார்கள். (செத்த பிறகும் வேலை வாங்குவது நம்ம சனத்துக்குப் புதுசில்லை என்று பக்கத்தில் இருந்த தோழர் அப்போது சொன்னார்.) எந்தப் படத்திலும் ஒரு கேள்வி மட்டும் வராது. அந்தப் பணம் அந்த வீட்டுக்குள்ளே எப்படி வந்தது? பூட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ராசா வைத்துவிட்டுப் போனான், தாத்தா வைத்துவிட்டுப் போனார், சின்னம்மா வைத்திருக்கிறாள். வைத்தவன் கதை தெரியும். எடுக்கிறவன் கதை தெரியும். உண்டாக்கினவன் கதை எந்த ரீலிலும் கிடையாது. காசேதான் கடவுள் என்றால் அந்தக் கோயிலுக்குள்ளேயும் நமக்கு நுழைவு இல்லை.

படத்தை விடுங்கள். பையன்கள் படுத்திருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். நம் நாட்டில் புதையல் என்று ஒன்று நெசமாகவே மறைந்து கிடந்த இடம் இந்தக் கடல்தான். மன்னார் வளைகுடாவின் அடியில் பார் பாராகச் சிப்பி. தொலையிரம் பார் என்றால் இன்றைக்கும் கடற்கரைக் கிழவர்களுக்குத் தெரியும். பாண்டியன் முத்து, கொற்கை முத்து என்று பாடப் புத்தகம் முழுக்கப் பெருமை. ஆனால் முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருத்தன் எழுதி வைத்த 'பெரிப்ளூஸ்' என்ன சொல்கிறது? கொற்கையில் முத்து எடுக்கிற வேலையைத் தண்டனை பெற்ற கைதிகளை வைத்துச் செய்தார்கள் என்கிறது. பாண்டியன் கழுத்தில் கிடந்த மாலைக்கு அடியில் ஒரு ஜெயில் இருந்திருக்கிறது. கடல் விலகிப்போய்க் கொற்கை இன்றைக்கு வயற்காட்டு ஊர். அந்தக் கைதிகள் எந்தக் குற்றம் செய்தவர்கள், எந்தச் சனம் என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. தோண்டுகிறவர்களுக்குப் பானை ஓடும் முத்திரையும் கிடைத்தால் போதும்.

அடுத்தவன் மார்க்கோ போலோ. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடற்கரையைப் பார்த்துப் பங்குக் கணக்கு எழுதினான். எடுக்கிற முத்தில் பத்தில் ஒரு பங்கு ராசாவுக்கு. இருபதில் ஒரு பங்கு யாருக்கு? சுறா கடிக்காமல் இருக்கக் கரையில் நின்று மந்திரம் சொல்கிறவர்களுக்கு! அவர்களை 'அப்ரையாமன்' என்று எழுதுகிறான். வேறு யார், பிராமணர்கள்தான். மூச்சை அடக்கிக் கீழே போகிறவன் ஒருத்தன். காலில் மண் ஒட்டாமல் கரையில் நின்று உதட்டை அசைக்கிறவனுக்கு இருபதில் ஒன்று. ராத்திரியில் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம், களவாகக் குளிக்கப் போகிறவனைச் சுறா கடிக்கட்டும் என்று! சுறாவையே போலீஸ் ஆக்கியவர்கள். பார்ப்பனியம் என்றால் என்ன என்று படிப்பு வட்டத்தில் மூன்று நாள் வகுப்பு எடுக்கிறோமே, இந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் போதாதா?

பிறகு போர்த்துகீசியன் வந்தான். 1530களில் கடற்கரைப் பரதவர் கூட்டம் கூட்டமாகக் கிறித்தவம் ஏறினார்கள். 1542இல் சவேரியார் வந்தார். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரன் கைக்குப் போயிற்று. பிறகு வெள்ளைக்காரன். அவன் காலத்துச் சிலாபத்தில் அள்ளி வந்த சிப்பியைக் கரையில் மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு குவியல் சர்க்காருக்கு. ஒன்று முங்கினவனுக்கு. அந்த ஒரு குவியலிலும் படகுக்காரன், கயிறு பிடித்தவன் என்று பங்கு உண்டு. சர்க்கார் குவியலைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. வியாபாரி வாங்கி, அழுக வைத்து, புழு நெளிய நெளியக் கழுவித் தேடுவான். நாற்றம் ஊரைத் தூக்கும். அதுதான் நாட்டிலேயே பெரிய புதையல் வேட்டை. சிரிப்புப் படமாக எடுத்தால் நூறு நாள் ஓடும். 1961இல் தூத்துக்குடியில் கடைசிச் சிலாபம் நடந்தது. அத்தோடு பார் வற்றிப்போயிற்று. 1973இல் வேப்பலோடையில் விஞ்ஞானிகள் செயற்கையாக முத்து வளர்த்துக் காட்டினார்கள்.

முங்கினவர்கள் பரதவர்களும் முஸ்லிம்களும். அவர்களை நம் கணக்கில் எழுதிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. கடற்கரையில் அவர்களுக்கு ஒரு கோயில் இருந்தது, ஒரு சாதித் தலைவன் இருந்தான், சர்க்காரோடு பேச ஒரு வாய் இருந்தது. நம்ம ஆட்கள் அதற்கும் இந்தப் பக்கம், உப்பளத்தில். முள்ளக்காடு, முத்தையாபுரம், வேப்பலோடை என்று வெள்ளை வெளேரென்று கிடக்கிற பாத்திகளில், கண் கூசுகிற வெயிலில், காலில் வெடிப்போடு. ராஜம் கிருஷ்ணன் வந்து பார்த்து 1979இல் 'கரிப்பு மணிகள்' எழுதினார். முத்துக்காவது ஏலம் உண்டு. உப்பு வாரினவளுக்கு மழை வந்தால் வேலை இல்லை. ஆனால் பங்குக் கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். உண்டாக்குகிறவன் கடைசிக் குவியல்.

வேடிக்கை என்னவென்றால், இதே வெள்ளைக்காரன் 1878இல் புதையலுக்கு ஒரு சட்டம் போட்டான். மண்ணுக்கடியில் மறைந்து கிடக்கிற விலையுள்ள எதுவும் புதையல். பத்து ரூபாய்க்கு மேலே பெறுமானால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். உரிமையாளன் என்று ஒருத்தனும் வராவிட்டால் கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு. மண்ணில் தடுக்கி விழுந்து எடுத்தவனுக்கு முக்கால்; கடலுக்குள் முங்கி எடுத்தவனுக்கு மூன்றில் ஒன்று. சட்டம் படிக்கிற தோழர்கள் இதை யோசியுங்கள்.

இனி எங்கள் வீட்டுப் புதையல்.

1995 ஆகஸ்ட் 31. ஓட்டப்பிடாரம் பக்கம் கொடியங்குளம். ஜூலையில் பற்றின சாதிக் கலவரம் தெக்கத்தி மாவட்டங்கள் முழுக்க எரிந்துகொண்டிருந்த நேரம். பட்டப்பகலில் சுமார் 600 போலீஸ் அந்த ஊருக்குள் நுழைந்தது. முழுக்க நம்ம சனம் இருக்கிற ஊர். பல வீட்டில் ஆள் வளைகுடாவில் வேலை பார்த்துக் காசு அனுப்பியிருந்தார்கள். காரை வீடு, மின்விசிறி, டிவி, தையல் மிசின், டிராக்டர். கலவரக்காரனைத் தேடி வந்தவர்கள் எதை உடைத்தார்கள்? டிவியை உடைத்தார்கள். மின்விசிறியை வளைத்தார்கள். தானியத்தை நாசம் பண்ணினார்கள். கிணற்றில் விசம் கலந்தார்கள். பாஸ்போர்ட்டையும் படித்த பிள்ளைகளின் சர்டிபிகேட்டையும் குவித்துத் தீ வைத்தார்கள். அதை நன்றாகக் கவனியுங்கள் தோழர்களே. கலவரத்தை அடக்க வந்தவனுக்கு சர்டிபிகேட் என்ன செய்தது? அவன் சரியாகத்தான் தேடினான். இந்த வீட்டில் புதையல் எது என்று நம்மைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அரசு அறிவித்த நிவாரணத்தை அந்த ஊர் வாங்க மறுத்தது. அந்த மறுப்பைப் பற்றித்தான் இன்னும் நிறைய எழுத வேண்டும். வேறு இதழில் எழுதுவோம்.

(2021இல் மாரி செல்வராஜின் 'கர்ணன்' வந்தபோது நாட்டில் நடந்த பெரிய விவாதம், படத்தில் போட்ட வருசம் சரியா தப்பா, அப்போது எந்தக் கட்சி ஆட்சி என்பது. 1997 என்று போட்டிருந்ததைத் '90களின் பிற்பகுதி' என்று மாற்றினார்கள். கிணற்றுத் தண்ணியைப் பற்றி அவ்வளவு விவாதம் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.)

அந்தச் செய்தி எங்க ஊருக்கு வந்து சேர்ந்த ராத்திரி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்க ஊர் அங்கிருந்து அதிக தூரம் இல்லை. நான் அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தேன். சவுதியிலிருந்து சித்தப்பா லீவில் வந்திருந்தார். அய்யா ஒன்றும் பேசாமல் தகரப் பெட்டியைத் திறந்தார். சித்தப்பா பாஸ்போர்ட், என் மார்க்சீட், அக்காவின் தையல் சர்டிபிகேட், சாதிச் சான்றிதழ், ஆச்சியின் கம்மல் ஒரு சோடி, அடியில் கிடந்த பழைய காகிதக் கட்டு எல்லாவற்றையும் யூரியா சாக்கில் சுற்றினார். சித்தப்பா பாஸ்போர்ட்டை மட்டும் பாலிதீன் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். தொழுவத்துக்குப் பின்னாடி குழி தோண்டிப் புதைத்துவிட்டு, மேலே அடையாளத்துக்கு ஒரு உடைந்த பானையைக் கவிழ்த்தார்.

போலீஸ் எங்க ஊருக்கு வரவில்லை. மழை வந்தது. அக்டோபர் கடைசியில் சித்தப்பாவுக்கு லீவு முடிந்து கிளம்ப வேண்டும். போய்ப் பார்த்தால் பானையைக் காணோம். எந்த ஆடு தட்டியதோ, எந்தப் பிள்ளை தூக்கிப் போனதோ. மண்ணெல்லாம் ஒரே மட்டமாகக் கிடக்கிறது.

அன்றைக்கு நடந்ததுதான் சினிமா. "இங்கனதாம்ல" என்று அய்யா ஒரு குழி. இல்லை. "வேப்பமரத்துல இருந்து ஏழு எட்டு" என்று சித்தப்பா ஒரு குழி. யார் காலுக்கு ஏழு எட்டு என்று அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சண்டை. தெருவே கூடிவிட்டது. "என்னத்தத் தேடுதிய?" என்று கேட்கிறவர்களிடம் உண்மையைச் சொல்லவும் முடியாது. "கெழங்கு" என்று அய்யா சொன்னார். சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஆறடி ஆழத்தில் எவன் புதைப்பான்? பக்கத்து வீட்டு மாமா குடம் தண்ணியை ஊற்றி, எங்கே சீக்கிரம் உறிஞ்சுகிறதோ அங்கேதான் புது மண் என்று விஞ்ஞானம் சொன்னார். ஆச்சி, ராத்திரி கனவில் மாடன் வந்து தொழுவத்து மூலையைக் காட்டினார் என்றாள். ஒரு கிழவர், புதையல்னா பலி கேக்கும், தலைச்சம்பிள்ளை வேணும் என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. விசா முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. அக்கா திருமணத்துக்கு வாங்கின கடன் அந்தப் பாஸ்போர்ட்டுக்குள்ளேதான் இருந்தது.

ஐந்தாவது குழியில் சாக்கு தட்டுப்பட்டது. மாடன் காட்டின மூலையும் இல்லை, ஏழு எட்டும் இல்லை.

சாக்கைப் பிரித்தால் உள்ளே கரையான். பாஸ்போர்ட் பாலிதீனுக்குள் தப்பித்துக்கொண்டது. கம்மல் இருந்தது. அக்காவின் தையல் சர்டிபிகேட் மாவாக உதிர்ந்தது. என் மார்க்சீட்டில் கணக்கு மார்க்கும் அறிவியல் மார்க்கும் போய்விட்டன. தமிழ் மட்டும் மிச்சம். அதனால்தான் இப்படி எழுதிக்கொண்டு திரிகிறேனோ என்னவோ. சாதிச் சான்றிதழ் ஒரு ஓட்டை இல்லாமல் பளபளவென்று வெளியே வந்தது. அதற்கு மட்டும்தான் லேமினேசன் போட்டு வைத்திருந்தோம். எங்கே போனாலும் முதலில் அதைத்தானே கேட்கிறான்! சாதியைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்று நான் இன்றைக்கும் மேடையில் பேசுகிறேன். எங்க அய்யா நெசமாகவே குழி தோண்டிப் புதைத்தார். கரையான்கூட அதைத் தொடவில்லை.

அடியில் இருந்த பழைய கட்டில் ஒரு காகிதம், பழுப்பேறி, பாதி தின்றது. "பூட்டன் காகிதம்லே, தூக்கிப் போட்டுறாத" என்றாள் ஆச்சி. அவளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியும், புரியவில்லை. தாசில் முத்திரை, பூட்டன் பேர், 'டி.சி.' என்று ஒரு எழுத்து, ஒரு சர்வே எண்ணின் முன்பாதி.

அதற்கு முந்தின வருசம், 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்திருந்தார்கள். காரணையில் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டம். எங்க ஊரில் யாருக்கும் அது தெரியாது. பல வருசம் கழித்து, கல்லூரியில், இந்த மாதிரி ஒரு சின்னப் பத்திரிகையில் படித்தபோதுதான் எனக்கு அந்த இரண்டு எழுத்து ஞாபகம் வந்தது. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் எழுதின அறிக்கை, அதன் பேரில் 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணை எண் 1010, ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கின நிலம். மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்கிற கணக்கு. பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டும்தான். மாறி விற்றால் செல்லாது. இவ்வளவு தெளிவாக எழுதின நிலம் எப்படிக் கை மாறியது? ஐம்பது ரூபாய்க் கடனுக்கு, ஒரு கலயம் கள்ளுக்கு, ஒரு மிரட்டலுக்கு. 1979இல் தொடங்கின நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது பல ஊரில் பதிவேட்டிலேயே பேர் மாறிப்போயிற்று. ஓட்டப்பிடாரம் பக்கம், விளாத்திகுளம் பக்கம் கரிசலில் கிடக்கிற வேலிக்காட்டைப் பார்க்கும்போதெல்லாம் இதில் எது எந்தப் பூட்டன் காகிதம் என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் பையனுக்கு நான் காலையில் சொன்ன பதில் இதுதான். உங்க வீட்டைக் கொள்ளையடிக்க ஒன்றும் இல்லை என்று நினைக்காதே தம்பி. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஆச்சி பெட்டியைத் திற. 'டி.சி.' என்று எழுதின காகிதம், பழைய கிஸ்து ரசீது, எதுவாக இருந்தாலும் போட்டோ எடு. சர்வே எண் கிடைத்தால் 'அ' பதிவேட்டின் நகலும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலும் கேட்டு 2005ஆம் வருசத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடு. பத்து ரூபாய் ஸ்டாம்பு. முப்பது நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார், பேர் எந்த வருசத்தில் மாறியது என்று தெரிந்துவிடும். தெரிந்ததும் தனியாக அந்த நிலத்தில் போய் நிற்காதே. ஊரைக் கூட்டு, எங்களுக்கும் எழுது. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற எல்லா மாணவத் தோழர்களுக்கும் அதைத்தான் சொல்கிறோம். வருகிற காகிதங்களின் விவரத்தை ஊர் ஊராக இங்கே வெளியிடுவோம்.

அவன் கேட்டான், "உங்க பூட்டன் காகிதம் என்னண்ணே ஆச்சு?"

சர்வே எண்ணின் பின்பாதி கரையான் வாயில் போய்விட்டது. ஒரு அலுவலகத்தில் பூட்டன் பேரைச் சொல்லிக் கேட்டேன், முழு எண் இல்லாமல் தேட முடியாது என்றார்கள். இரண்டாவது முறை போனபோது, பழைய புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது என்றார்கள். அவர்கள் கரையான் எதைத் தின்கிறது, எதை விடுகிறது என்று பார்க்க, ஊரில் அந்த முன்பாதியில் தொடங்குகிற எல்லா எண்ணுக்கும் 'அ' பதிவேட்டு நகல் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். முப்பது நாளில் பத்தொன்பது போயிருக்கிறது.